சந்தா கட்டித்தான் தொண்டு செய்ய வேண்டுமா?

மல்லிகைப்பந்தல் (திங்கள், இரவு 9.10)

எல்லாருக்கும் வணக்கம். நான் மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன். வயது 31, ஒரு தனியார் கிளினிக்கில் கவுண்டர் வேலை. எங்கள் ஊர் சேவை சங்கம் ஒன்றில் சேரச் சொல்லி என்னை அழைத்திருக்கிறார்கள். பல நாடுகளில் கிளை உள்ள அமைப்பு, மாதம் இரண்டு கூட்டம். நுழைவுக் கட்டணம், ஆண்டுச் சந்தா, கூட்டத்துச் சாப்பாடு எல்லாம் சேர்த்து முதல் வருடம் 600 வெள்ளி (ரிங்கிட்) வரும் என்றார்கள். என் சம்பளத்துக்கு அது பெரிய தொகை.

அழைத்தவர் நான் மதிக்கிற பெரியவர். அதோடு, இப்படி ஒரு சங்கத்தால்தான் எனக்கு முதல் கண்ணாடி கிடைத்தது. அப்போது தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டு படித்தேன். கரும்பலகை தெரியாமல் பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்தே எழுதுவேன். எனக்குக் கணக்கு வராது என்று வீட்டிலும் பள்ளியிலும் முடிவு கட்டிவிட்டார்கள். கண்ணாடி வந்த வாரம் நடந்த சோதனையில் எல்லாக் கணக்கும் சரி. எனக்குக் கணக்கு வராமல் இல்லை, பலகையில் இருந்த எண்தான் தெரியவில்லை.

ஆனால் போன தீபாவளிக்கு அதே சங்கம் உணவுப் பொட்டலம் கொடுத்தபோது உதவிக்குப் போனேன். முப்பது குடும்பம். பேனர் கட்டி, ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, அரிசிப் பையைப் பிடிக்க வைத்துப் படம் எடுத்தார்கள். ஆரம்பப் பள்ளியில் என்னோடு படித்தவள் அந்த வரிசையில் நின்றாள். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மறுநாள் படங்கள் முகநூலில் வந்தன.

சேரலாமா? அல்லது அந்த 600 வெள்ளியை நானே நேராக ஒரு குடும்பத்துக்குக் கொடுத்துவிடலாமா?

லயத்துக்காரன் (திங்கள், இரவு 9.48)

சேர வேண்டாம் தங்கச்சி.

நானும் இந்தப் பக்கத்துத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவன்தான், இப்போது சொந்தமாக வேன் ஓட்டுகிறேன். பொட்டலத்தை விடுங்கள், நான் ஒரு தண்ணீர்த் தொட்டியைப் பற்றிச் சொல்கிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு தோட்டத்து லயத்தில் தண்ணீர்ப் பிரச்சனை. மொத்தம் 14 வீடு. மலையிலிருந்து குழாய் போட்ட தண்ணீர். மழை பெய்தால் தேத்தண்ணி நிறத்தில் வரும், நாலு நாள் வெயில் அடித்தால் வரவே வராது. தொழிலாளர் இலாகாவுக்கு மனு எழுதி, நாங்கள் நாலைந்து பேர் வீடு வீடாகக் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தோம். 1990-இல் வந்த சட்டம் 446, தொழிலாளர் வீடுகளும் வசதிகளும் குறைந்தது எந்தத் தரத்தில் இருக்க வேண்டும் என்று சொல்கிற சட்டம். தொழிலாளிக்குக் கொடுத்த வீட்டுக்குத் தண்ணீர் கொடுப்பது முதலாளியின் கடமை என்று அதில் எழுதியிருக்கிறது. அவர் இரக்கப்பட்டுச் செய்கிற காரியம் இல்லை அது.

அந்த நேரத்தில் சங்கம் வந்தது. இரண்டு பெரிய தொட்டி, புதுக் குழாய், ரிப்பன், திறப்பு விழா. மனு பாதியில் நின்றது. 'அதான் தொட்டி வந்துவிட்டதே' என்று மேனேஜர் சொன்னார். எங்கள் ஆட்களும் அதையே சொன்னார்கள். இன்றைக்கு ஒரு தொட்டி கசிகிறது. நிர்வாகம், 'நாங்கள் வைத்த தொட்டி இல்லை' என்கிறது. சங்கத்தில் தலைவர் மாறிவிட்டார், புதியவருக்கு அந்தத் தோட்டம் எங்கே இருக்கிறது என்றே தெரியாது.

சங்கம் தாகத்தைத் தீர்த்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். கூடவே எங்கள் வழக்கையும் தீர்த்துவிட்டது.

ஈப்போ ரோடு (திங்கள், இரவு 10.15)

600 வெள்ளியை நேராகக் கொடுங்கள். ஒரு பிள்ளைக்குப் பள்ளிச் சீருடை, காலணி, புத்தகப்பை எல்லாம் முடிந்து மிச்சமும் இருக்கும். பேனர் கிடையாது, படம் கிடையாது. நான் பல வருடமாக அப்படித்தான் செய்கிறேன்.

வெண்கட்டி (செவ்வாய், காலை 6.40)

பொருளாளர் என்கிற முறையில் நான் பேச வேண்டியிருக்கிறது. தமிழ்ப்பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன், அந்தச் சங்கத்தில் 22 வருட உறுப்பினன். மல்லிகைப்பந்தலை அழைத்தது யார் என்பது அவருக்குத் தெரியும்.

முதலில் பணம். எங்களிடம் இரண்டு கணக்கு உண்டு. சந்தா நிர்வாகக் கணக்குக்குப் போகும். கூட்டச் செலவு, அச்சு, தபால், தலைமையகத்துக்குக் கட்டுவது எல்லாம் அதிலிருந்துதான். பொதுமக்களிடம் வசூலித்தது இன்னொரு கணக்கில் இருக்கும். அதில் ஒரு காசு கூட எங்கள் சாப்பாட்டுக்குப் போகக் கூடாது. எங்கள் சங்கம் சேர்ந்திருக்கிற லயன்ஸ் அமைப்பில் இது உலகம் முழுக்க உள்ள விதி. அதற்கு மேல் 1966-ஆம் ஆண்டு சங்கச் சட்டப்படி, ஆண்டுப் பொதுக்கூட்டம் முடிந்து 60 நாளுக்குள் சங்கப் பதிவிலாகாவுக்குக் கணக்கோடு அறிக்கை அனுப்ப வேண்டும். இத்தனை வருடத்தில் ஒரு தடவையும் நாங்கள் தவறியதில்லை. ஈப்போ ரோடு நேராகக் கொடுப்பது நல்ல காரியம்தான். ஆனால் அவருக்கு உடம்பு முடியாமல் போனால் அந்தப் பிள்ளைக்கு அடுத்த வருடச் சீருடை யார் வாங்குவது? நாலு பேர் சேர்ந்து நடத்தினால் ஒருவர் விழுந்தாலும் காரியம் நிற்காது.

அப்புறம் தொட்டி. அந்தத் திட்டத்தில் நான் இருந்தேன். லயத்துக்காரன் சொன்னது உண்மை, ஆனால் முழுவதும் இல்லை. 14 வீட்டில் ஒன்பது வீட்டில் இருந்தவர்கள் ஓய்வு பெற்றவர்கள். சம்பளப் பட்டியலில் அவர்கள் பெயர் இல்லை. வீட்டைக் காலி செய்ய வேண்டியவர்கள் என்றுதான் நிர்வாகம் அவர்களைப் பார்க்கிறது. மனு போனால் முதலில் தண்ணீர் வருமா, வீட்டைவிட்டுப் போகச் சொல்லி நோட்டீஸ் வருமா? எனக்கு அந்தப் பயம் இருந்தது. 70 வயதைத் தாண்டிய ஒரு பாட்டி வாளியோடு ஓடைக்கரைச் சரிவில் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கியதை நான் கண்ணால் பார்த்தேன். இலாகாவிலிருந்து ஆள் வரும்வரை பொறுங்கள் பாட்டி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இன்றைக்கு மறுபடி அந்தச் சரிவைப் பார்த்தாலும் தொட்டிதான் வைப்பேன்.

பீடோங் பேரன் (செவ்வாய், காலை 11.05)

கெடாவிலிருந்து எழுதுகிறேன். இந்த விவாதத்தில் ஒன்று விட்டுப்போகிறது. தொண்டு என்றால் வெளியிலிருந்து தோட்டத்துக்குள் வருவது என்றே எல்லாரும் பேசுகிறீர்கள். தோட்டத்துக்குள்ளிருந்தே தொண்டு கிளம்பியிருக்கிறது.

போர் முடிந்த கையோடு, 1946, 47-இல், கெடா தோட்டங்களில் தொண்டர் படை இருந்தது. எங்கள் பீடோங் பக்கம் ஹார்வர்டு தோட்டத்தில் ஏ.எம்.சாமி முன்னின்று நடத்தினார். உறுப்பினர்கள் எல்லாம் தோட்டத்து இளைஞர்கள். சாயங்காலம் அணிவகுப்பு, ஊருக்குள் ஒழுங்கு, எல்லாவற்றுக்கும் மேலாகக் கள்ளுக்கடை மறியல். சம்பளத்தைத் தோட்டத்துக் கள்ளுக்கடையிலேயே கரைத்துவிட்டு வீட்டுக்கு வெறுங்கையோடு போன அப்பன்களைத் தடுத்து நிறுத்தியது அவர்கள் பிள்ளைகள்தான். 1947-இல் அது போலீஸோடு மோதலாகிக் கைதுவரை போனது. எங்கள் தாத்தா சாகும்வரை அந்த நாட்களைப் பற்றிப் பேசுவார். பேசும்போது முதுகை நிமிர்த்திக்கொள்வார்.

உங்கள் சுங்கை சிப்புட்டுக்கே ஓர் உதாரணம் உண்டு. அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் உங்கள் ஊர்க்காரர். பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்று, தொழிலாளிகள் வேலையும் வீடும் இழந்துகொண்டிருந்த காலத்தில், 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகப் போய், பத்துப் பத்து வெள்ளியாகப் போட்டுப் பங்கு வாங்குங்கள் என்று தொழிலாளிகளிடமே கேட்டார்கள். அந்தப் பணத்தில் தோட்டம் வாங்கினார்கள். யாரும் யாருக்கும் பையைப் பிடித்துப் படம் எடுக்கவில்லை, கொடுத்தவரும் வாங்கியவரும் ஒரே ஆட்கள்.

தங்கச்சி, 600 வெள்ளி கட்டிச் சேர்வதா வேண்டாமா என்பதை அப்புறம் யோசிக்கலாம். எதில் சேர்ந்தாலும், வாங்குகிறவருக்கு அங்கே உட்கார நாற்காலி இருக்கிறதா என்று பாருங்கள்.

வெண்கட்டி (செவ்வாய், மதியம் 1.20)

பீடோங் பேரனுக்கு நன்றி. ஆனால் தொண்டர் படையை வைத்து எங்களை அளப்பது நியாயமா தெரியவில்லை. அன்று தோட்டத்தில் முன்னூறு குடும்பம் இருந்தது, இளைஞர்கள் இருந்தார்கள். இன்று லயத்தில் இருப்பது வயதானவர்களும் வெளிநாட்டுத் தொழிலாளர்களும். பிள்ளைகள் தாமான் என்கிற புதுக் குடியிருப்பு வீடுகளுக்கும் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட்டார்கள். உள்ளேயிருந்து கிளம்ப ஆள் வேண்டும் அல்லவா?

நர்ஸ் அக்கா (செவ்வாய், இரவு 8.30)

அரசாங்க சுகாதாரக் கிளினிக்கில் 17 வருடம் வேலை. தொட்டியைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. கண் முகாம் பற்றிப் பேசுகிறேன், ஏனென்றால் மல்லிகைப்பந்தல் கண்ணாடியில் ஆரம்பித்தார்.

போன வருடம் இந்தச் சங்கம் கோயில் மண்டபத்தில் கண் பரிசோதனை முகாம் நடத்தியது. நல்ல ஏற்பாடு. கிட்டத்தட்ட நூறு பேர் வந்தார்கள். நாற்பது பேருக்குப் படிக்கிற கண்ணாடி கிடைத்தது. 11 பேரிடம், 'பெரிய ஆஸ்பத்திரியில் கண் டாக்டரைப் பாருங்கள்' என்று கடிதம் கொடுத்தார்கள். சிலருக்குக் கண்புரை. சிலருக்குச் சீனி வியாதியால் விழித்திரை பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று சந்தேகம்.

மூன்று மாதம் கழித்து அவர்கள் வேறு மருந்துக்காக எங்கள் கிளினிக்குக்கு வரும்போது ஒவ்வொருவராகக் கேட்டேன். 11 பேரில் போனது இரண்டு பேர்.

அலட்சியம் என்று சொல்லிவிடாதீர்கள். கட்டணம் ஒரு தடையே இல்லை. அரசாங்க கிளினிக்கில் ஒரு வெள்ளி, ஆஸ்பத்திரியில் ஸ்பெஷலிஸ்ட் என்றால் ஐந்து வெள்ளி. ஆனால் தோட்டத்திலிருந்து ஈப்போவுக்குப் போக பஸ் கிடையாது, கைபேசியில் கூப்பிடுகிற கிராப் வாடகைக் கார் வர மாட்டேன் என்கிறது, வந்தால் போக வர ஆகும் காசில் ஒரு வாரச் சாமான் வாங்கலாம். அங்கே போனால் பாவையை விரிக்கக் கண்ணில் சொட்டு மருந்து விடுவார்கள். அதற்கப்புறம் சில மணி நேரம் பார்வை மங்கி, வெளிச்சம் கூசும். தனியாகத் திரும்பி வர முடியாது, துணைக்கு ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் பெரும்பாலும் மகன் அல்லது மருமகள். அவர்களுக்கு ஒரு நாள் கூலி போகும். கடிதம் மலாயில் இருந்தது. ஒரு பெரியவர் அதை மின்சாரப் பில் என்று நினைத்து டப்பாவில் போட்டு வைத்திருந்தார்.

சீனி வியாதிக் கண் எப்படிப்பட்டது தெரியுமா? வலிக்காது. ஆரம்பத்தில் பார்வையும் குறையாது. குறையத் தொடங்கும்போது பாதி போய்விட்டிருக்கும். அதனால்தான் சீனி வியாதி உள்ளவர்கள் நன்றாகத் தெரிகிறது என்றாலும் வருடம் ஒரு முறை கண்ணைக் காட்ட வேண்டும் என்கிறோம். 2019-இல் எடுத்த தேசிய சுகாதார ஆய்வில் நாட்டுப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்குச் சீனி வியாதி. நம் மக்களிடையே அது இன்னும் அதிகம். நான் தினமும் ஊசி போடுகிற கைகளே அதற்குச் சாட்சி.

முகாம் தப்பு என்று நான் சொல்லவில்லை. முகாம் நடந்த ஞாயிற்றுக்கிழமையோடு முடிந்துவிட்டதே, அதுதான் எனக்கு வேதனை. படிக்கிற கண்ணாடி வாங்கிய நாற்பது பேர் அறிக்கையில் வந்தார்கள். ஒன்பது பேர் எங்கேயும் வரவில்லை.

லயத்துக்காரன் (செவ்வாய், இரவு 9.15)

வெண்கட்டி ஐயா, நீங்கள் என்று தெரியாமல் எழுதிவிட்டேன். மரியாதைக் குறைவாக ஏதாவது இருந்தால் மன்னியுங்கள். என் தங்கைக்கு நீங்கள்தான் தமிழ் சொல்லிக் கொடுத்தீர்கள். ஆனால் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

ஒன்பது வீடு ஓய்வு பெற்றவர்கள், சரி. மீதி ஐந்து வீட்டில் இருந்தவர்கள் சம்பளப் பட்டியலில் இருந்தார்கள். அதில் மூன்று வீட்டில் வங்காளதேசத்துத் தம்பிகள். அந்த ஐந்து வீட்டின் பெயரில்தான் நாங்கள் மனு எழுதினோம். மலையிலிருந்து வருவது ஒரே குழாய் ஐயா. ஐந்து வீட்டுக்கு நல்ல தண்ணீர் வர வேண்டும் என்றால் அது ஒன்பது வீட்டைத் தாண்டித்தான் வர வேண்டும். பெரியவர்கள் பெயரே மனுவில் இல்லை, நோட்டீஸ் வர வழியே இல்லை. இதை எங்களை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்போம்.

நீங்கள் பாட்டியைப் பார்த்தீர்கள். நானும் பார்த்தேன், அந்தப் பாட்டி என் சின்னப் பாட்டி. தொட்டி வைக்காதீர்கள் என்று சொல்லவில்லை. தொட்டியை வைத்துவிட்டு, 'இது தற்காலிகம், நிர்வாகம் குழாய் போடும்வரைதான்' என்று ஒரு பலகை மாட்டி, மேனேஜருக்கு ஒரு கடிதமும் கொடுத்திருந்தால் எங்கள் மனு செத்திருக்காது. நீங்கள் மாட்டிய பலகையில் சங்கத்தின் பெயரும் சின்னமும்தான் இருந்தது.

நிர்வாகி (செவ்வாய், இரவு 9.40)

கட்சிப் பெயர்களை இழுத்த இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். தொடருங்கள்.

பத்தாங் காலி அக்கா (செவ்வாய், இரவு 10.05)

நான் வேறு ஊரில், வேறு சங்கத்தில் ஒரு வருடம் தலைவியாக இருந்தவள். மல்லிகைப்பந்தல், நீங்கள் சேர வேண்டும் என்பது என் கட்சி.

லயன்ஸ் 1917-இல் தொடங்கியது. 1987-இல்தான் பெண்களை உறுப்பினர்களாகச் சேர்த்துக்கொண்டது. ரோட்டரி 1905-இல் தொடங்கியது, அதன் விதி மாறியது 1989-இல். அதுவரை மனைவிமார் தேத்தண்ணி ஊற்றினார்கள், இலை போட்டார்கள். பார்வையும் செவியும் இழந்த அமெரிக்க எழுத்தாளர் ஹெலன் கெல்லர் 1925-இல் லயன்ஸ் மாநாட்டுக்குப் போய், பார்வையில்லாதவர்களுக்காக நில்லுங்கள் என்று கேட்டார். அந்த அமைப்பு கண் சேவையில் இவ்வளவு ஆழமாக இறங்கியதற்கு அதுதான் காரணம். அவரைப் பேச விட்டார்கள், ஆனால் ஒரு பெண் அதில் உறுப்பினராக இன்னும் 62 வருடம் ஆனது. அப்படித் திறந்த கதவு அது.

நர்ஸ் அக்கா சொன்னதும் லயத்துக்காரன் அண்ணன் சொன்னதும் கூட்டத்தில் எழுந்து சொல்ல ஓர் ஆள் வேண்டும். வெளியே நின்று சொன்னால் புகார் என்பார்கள். உள்ளே உட்கார்ந்து சொன்னால் குறிப்பேட்டில் எழுதியாக வேண்டும், ஓட்டுக்கும் விடலாம். நான் இருந்த சங்கத்தில், இரண்டாம் முறை போகத் திட்டமில்லாத இடத்துக்கு முதல் முறையும் போவதில்லை என்று ஒரு தீர்மானம் போட்டோம். அதற்கு எனக்கு எட்டு மாதம் பிடித்தது.

ஐந்தாம் படிவம் (செவ்வாய், இரவு 11.20)

அக்கா, நான் பள்ளியில் லியோ கிளப்பில், அதாவது லயன்ஸின் இளையோர் பிரிவில், இருக்கிறேன். பல்கலைக்கழக நுழைவுக்கு இணைப்பாட நடவடிக்கைக்கு 10 விழுக்காடு மதிப்பெண் என்பதால்தான் சேர்ந்தேன், அதை மறைக்கவில்லை. ஆனால் முதியோர் இல்லத்தில் ஒரு தாத்தாவுக்கு நகம் வெட்டிவிட்டேன். அடுத்த மாதம் போனபோது வேறு யாரையும் வெட்ட விடாமல் எனக்காகக் காத்திருந்தார். இப்போது மதிப்பெண் இல்லாவிட்டாலும் போவேன்.

ஈப்போ ரோடு (புதன், காலை 7.30)

தம்பி, அந்தத் தாத்தாவுக்கு நீ போதும், கிளப் எதற்கு?

ஐந்தாம் படிவம் (புதன், மதியம் 2.45)

எனக்கு மோட்டார் லைசென்ஸ் இல்லை. கிளப் ஆசிரியர்தான் காரில் கூட்டிப் போகிறார். கிளப் இல்லை என்றால் அந்த இல்லம் எங்கே இருக்கிறது என்றே எனக்குத் தெரிந்திருக்காது.

வரிசையில் நின்றவள் (புதன், இரவு 9.55)

இதை எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். முதல் பதிவில் முகத்தைத் திருப்பிக்கொண்டவள் என்று நீங்கள் சொன்னது நான்தான் என்று நினைக்கிறேன். நானாக இல்லாவிட்டாலும் அந்த வரிசையில் நின்றேன்.

உங்கள் மேல் கோபம் இல்லை. படம் எடுத்தது வலித்தது. என் மகனுக்கு ஒன்பது வயது, அவன் வகுப்புப் பிள்ளையின் அம்மா அதை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். ஆனால் அதைவிட வேறொன்று இருக்கிறது, அதை யாரும் சொல்லவில்லை. பொட்டலத்தில் இரண்டு கிலோ சீனி, நாலு டின்பால், ஒரு பெரிய மைலோ, பிஸ்கட். எங்கள் வீட்டில் மாமியாருக்கும் கணவருக்கும் சீனி வியாதி. மாமியாருக்கு ஒரு கால் விரலை எடுத்துவிட்டார்கள். அதையெல்லாம் நான் பக்கத்துக் கடையில் கொடுத்து அரிசியும் பருப்பும் முட்டையும் மாற்றிக்கொண்டேன். கடைக்காரர் பாதி விலைதான் போட்டார்.

என்ன வேண்டும் என்று ஒரு தடவை கேட்டிருக்கலாம். பெரியவர்களுக்குப் போடுகிற டயப்பர் என்று சொல்லியிருப்பேன். ஒரு மாதத்துக்கு அரிசியை விட அதற்குத்தான் எங்கள் வீட்டில் அதிகம் செலவாகிறது.

உதவி வேண்டாம் என்று சொல்கிற நிலையில் நான் இல்லை. லயத்துக்காரன் அண்ணன் சொல்வது சரியாக இருக்கலாம், ஆனால் சட்டம் வரும்வரை என் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். சங்கம் வந்தால் நான் மறுபடி அந்த வரிசையில் நிற்பேன்.

மல்லிகைப்பந்தல் (புதன், இரவு 10.30)

நீதானா என்று கேட்க மாட்டேன். நீயாக இருந்தால், இரண்டாம் ஆண்டில் எனக்குத் தெரியாத பலகையை மெதுவாகப் படித்துக் காட்டியவள் நீ. அன்றைக்கு மேடைப் பக்கம் நின்றுகொண்டு நான் இறங்கி வரவில்லை. அது என் தப்பு. மன்னித்துக்கொள்.

வெண்கட்டி (வியாழன், காலை 6.15)

இரவு முழுக்க இதைப் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் பொட்டலப் பட்டியலை எழுதியவன் நான். எட்டு வருடமாக அதே பட்டியல். கடைக்காரர் மொத்த விலைக்குத் தருகிற சாமான் எதுவோ அதைப் போட்டோம். சீனி வியாதி உள்ள வீட்டுக்குச் சீனி கொடுக்கிறோம் என்று ஒரு தடவை கூட யோசிக்கவில்லை. எனக்கே சீனி வியாதி இருக்கிறது.

நர்ஸ் அக்கா சொன்ன ஒன்பது பேரைப் பற்றி: கடிதம் கொடுத்தோம், அதோடு எங்கள் கடமை முடிந்தது என்று நினைத்தோம். அது தப்பு. தொட்டி விஷயத்தில் லயத்துக்காரனோடு இன்னும் முழுவதும் ஒத்துப்போகவில்லை. மனு ஜெயித்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான். ஆனால் உங்களைக் கேட்காமல் வைத்தது சரியில்லை. கசிகிற தொட்டியைப் பார்க்க இந்தச் சனிக்கிழமை ஆள் அனுப்புகிறேன். மேனேஜருக்குக் கடிதம் எழுதுவது பற்றி அடுத்த கூட்டத்தில் பேசுகிறேன், நீங்கள் வந்து உங்கள் மனுவைக் காட்டுங்கள்.

அதே கூட்டத்தில் இன்னும் இரண்டு தீர்மானம் வைக்கப்போகிறேன். வாங்குகிறவர் முகம் படத்தில் வரக் கூடாது. பொட்டலத்துக்குப் பதில் கடைச் சீட்டு, அவரவருக்கு வேண்டியதை அவரவர் எடுத்துக்கொள்ளட்டும். இரண்டாவதுக்கு எதிர்ப்பு வரும், சிகரெட் வாங்கிவிடுவார்கள் என்று சிலர் சொல்வார்கள். வழிமொழிய எனக்கு ஓர் ஆள் வேண்டும். நர்ஸ் அக்கா, அந்த ஒன்பது பேர் பட்டியலைத் தர முடியுமா?

நர்ஸ் அக்கா (வியாழன், மதியம் 1.10)

பட்டியல் தர முடியாது ஐயா, நோயாளிகளின் விவரம். ஆனால் ஒவ்வொருவரையும் நான் கேட்கிறேன். சம்மதம் என்றால் அவர்களே உங்களைக் கூப்பிடுவார்கள். கடிதம் பழையதாகிவிட்டதால் எங்கள் டாக்டரிடம் புதுசு எழுதி வாங்க வேண்டும், அதையும் நான் பார்த்துக்கொள்கிறேன். எல்லாருக்கும் ஒரே நாளில் தேதி கேட்டுப் பார்க்கிறேன், ஆனால் உறுதி சொல்ல முடியாது.

லயத்துக்காரன் (வியாழன், இரவு 8.50)

கூட்டத்துக்கு வருகிறேன் ஐயா. மனுவின் நகல் என்னிடம் இருக்கிறது. உறுப்பினராக மட்டும் கூப்பிடாதீர்கள், என் இடம் அந்த லயம்தான். மூன்று மாதத்தில் நிர்வாகத்திடமிருந்து பதில் வராவிட்டால் மறுபடி இலாகாவுக்குப் போவேன். அப்போது தொட்டியைக் காட்டி என்னைத் தடுக்கக் கூடாது.

ஈப்போவுக்கு ஆள் ஏற்ற என் வேன் இருக்கிறது. காலையில் பள்ளிப் பிள்ளைகளை இறக்கிவிட்டால் மதியம்வரை சும்மாதான் நிற்கும். எண்ணெய்க் காசு போதும்.

மல்லிகைப்பந்தல் (வெள்ளி, இரவு 9.20)

எல்லாருக்கும் நன்றி. சங்க வருடம் ஜூலை 1-இல் தொடங்குகிறதாம், அதுவரை விருந்தினராக வரலாம் என்றார்கள். விருந்தினருக்கு ஓட்டு இல்லை, வழிமொழியவும் முடியாது என்று இன்று கேட்டுத் தெரிந்துகொண்டேன். அதனால் இப்போதே சேர்கிறேன். சந்தாவை மூன்று தவணையாகக் கட்டச் சம்மதித்திருக்கிறார்கள். பெண்களுக்குத் தேத்தண்ணி ஊற்றும் வேலை கொடுத்தால் செய்ய மாட்டேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டேன், பத்தாங் காலி அக்கா.

ஈப்போ ரோடு, உங்களைப் போல நேராகக் கொடுப்பதையும் விடப் போவதில்லை. இந்த மாதம் ஒரு வீட்டுக்கு டயப்பர் வாங்கி வைத்திருக்கிறேன். வாசலில் வைத்துவிட்டு வந்துவிடுவேன்.

நர்ஸ் அக்கா (திங்கள், மாலை 6.05)

ஏழு பேர் சம்மதம் சொன்னார்கள். ஒருவர் மகளோடு பினாங்குக்குப் போய்விட்டார். இன்னொருவர் வேண்டவே வேண்டாம் என்கிறார், மறுபடி கேட்பேன். ஐந்து பேருக்கு ஒரே நாள் கிடைத்தது, அடுத்த புதன். மற்ற இருவருக்கு அதற்கடுத்த வாரம். எல்லாரையும் வெறும் வயிற்றோடு வர வேண்டாம் என்று சொல்லுங்கள், சீனி மாத்திரை போடுகிறவர்கள் பசியாறிவிட்டே வர வேண்டும். தொப்பியோ குடையோ கட்டாயம், திரும்பும்போது வெளிச்சம் கூசும். துணைக்கு எத்தனை பேர்?

மல்லிகைப்பந்தல் (திங்கள், மாலை 6.40)

நான் லீவு போட்டுவிட்டேன். வெண்கட்டி ஐயா வருகிறார். ஐந்து பேருக்கு இரண்டு பேர் போதுமா?

நர்ஸ் அக்கா (திங்கள், மாலை 6.52)

போதாது. ஒருவருக்குச் சக்கர நாற்காலி.

ஈப்போ ரோடு (திங்கள், இரவு 7.15)

எனக்கு அந்த ஆஸ்பத்திரி வாசல் பத்து நிமிட நடை. நான் அங்கே நிற்கிறேன். எத்தனை மணிக்கு?

லயத்துக்காரன் (திங்கள், இரவு 7.30)

பிள்ளைகளை இறக்கிவிட்டு 7.20-க்குக் கோயில் வாசலுக்கு வந்துவிடுவேன். பின்சீட்டை மடக்கினால் நாற்காலி போகும். வேன் வெள்ளை நிறம், பக்கத்தில் பேனர் எதுவும் கட்ட வேண்டாம்.

வெண்கட்டி (திங்கள், இரவு 7.34)

கட்ட மாட்டோம்.